நடுவானில் ரோட்டரி என்ஜின் தடுமாறினால்

கேள்வி கேட்டவர் சூரமங்கலத்துத் தம்பி, வேலை ஆஸ்திரேலியாவில். அங்கே வாடகைக்கு எடுத்த ஷெட் ஒன்றில் ஆறு வருடம் பாடுபட்டு, இரண்டு பேர் அமரும் சிறு விமானத்தைத் தன் கையாலேயே கட்டி முடித்திருக்கிறார். பொருத்தியிருப்பது மாஸ்டா காரிலிருந்து எடுத்த 13பி ரோட்டரி என்ஜின். சோதனைப் பறப்பாக 11 மணி நேரம் தனியாகப் பறந்தாகிவிட்டது. பன்னிரண்டாவது மணி நேரத்தில், 3,000 அடி உயரத்தில், என்ஜின் மூன்று நான்கு விநாடி மூச்சடங்கிவிட்டு, பிறகு எதுவும் நடக்காதது போல ஓடியிருக்கிறது. இறங்கி வந்து பிரித்துப் பார்த்ததில் கோளாறு எதுவும் தென்படவில்லை. இப்போது விடுமுறையில் ஊரில் இருக்கிறார். மறுபடி அப்படி நடந்தால் மேலே என்ன செய்வது, திரும்பிப் போனதும் பறக்கலாமா என்று கேட்கிறார்.

பறக்கக் கூடாது, தம்பி. இரண்டாவது கேள்விக்கு இவ்வளவுதான் பதில். ஒரேயடியாக நின்றுபோன என்ஜினிடம் எனக்கு அவ்வளவு பயம் கிடையாது. அது தன் நோயைச் சொல்லிவிட்டது. தடுமாறிவிட்டுத் தானாகவே சரியான என்ஜின் நோயை மறைத்து வைத்திருக்கிறது. காரணம் கையில் கிடைக்கும்வரை விமானம் ஷெட்டிலேயே இருக்கட்டும். உங்கள் காரணம் எங்கே ஒளிந்திருக்கும் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் ஏற்காட்டுக்காரன். இருபது வருடத்துக்கு மேல் அதே ஆஸ்திரேலியாவில் விமானப் பராமரிப்பு வேலை பார்த்துவிட்டு, இப்போது இங்கே மூன்று ஏக்கர் காப்பித் தோட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ரோட்டரி பொருத்திய சொந்தக் கட்டுமான விமானங்கள் இரண்டில் என் கை பட்டிருக்கிறது. அதில் ஒன்றில் உட்கார்ந்து மேலே மாட்டிக்கொண்டதும் உண்டு.

மற்றவர்களுக்காக ஒரு விளக்கம். ரோட்டரி என்றால் முதல் உலகப் போர்க் காலத்தில் சிலிண்டர்களே புரொப்பெல்லரோடு சேர்ந்து சுழன்ற அந்தப் பழைய என்ஜின் இல்லை. இது பெலிக்ஸ் வாங்கெல் என்ற ஜெர்மானியரின் யோசனை. என்.எஸ்.யு. நிறுவனம் 1957-இல் முதன்முதலாக ஓட்டிப் பார்த்தது. 1967-இல் மாஸ்டா தன் காஸ்மோ காரில் வைத்தது. பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை, கனெக்டிங் ராட் இல்லை. முக்கோண ரோட்டர் ஒன்று, நடுவில் லேசாக இடுங்கிய நீள்வட்ட அறைக்குள் உருண்டு உருண்டு சுற்றும். ரோட்டர் ஒரு சுற்றுச் சுற்றினால் தண்டு மூன்று சுற்றுச் சுற்றும். தண்டு நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடும்போதும் ரோட்டர் 2,000-இல் நிதானமாகத்தான் போகிறது. புரொப்பெல்லருக்கு அந்த 6,000 ஆகாது. அதனால் நடுவில் ஒரு கியர்பாக்ஸ் வைத்து வேகத்தைக் குறைக்கிறோம். உங்களுடையது 2.85-க்கு 1 என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் புரொப்பெல்லர் ஏறத்தாழ 2,100-இல் சுற்றும்.

ரோட்டரி பக்தர்கள் ஒன்றைச் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள்: "இது சாகவே சாகாது." பாதி உண்மைதான். ரோட்டரின் முனையில் இருக்கும் அபெக்ஸ் சீல் ஒன்று உடைந்தாலும், சக்தி குறைந்து, உடம்பை உலுக்கிக்கொண்டே ஓடி வீடு சேர்த்த கதைகள் உண்டு. ஆனால் அந்த இரும்பு உருண்டையைச் சுற்றி நாம் கட்டியிருக்கிறோமே, பெட்ரோல் பம்ப், வயர், ரேடியேட்டர், ரப்பர் குழாய், பெட்ரோலையும் பொறியையும் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், கியர்பாக்ஸ் என்று, அவற்றுக்கு அந்த ஆயுள் இல்லை. சொந்தக் கட்டுமான விமானத்தில் இவை அத்தனையும் நம் கைவேலை. சாகாத என்ஜினும் பெட்ரோல் வராவிட்டால் நிற்கும்.

இனி மேலே என்ன செய்வது. முதல் காரியம் மூக்கைத் தாழ்த்துவது. சக்தி போன நொடியில் வேகம் கரையத் தொடங்கிவிடும். நம் மனசோ "என்ன ஆச்சு" என்று கேட்டுக்கொண்டு டயல்களையே முறைத்துக்கொண்டிருக்கும். என்ஜினைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சறுக்கு வேகத்தை, அதாவது என்ஜின் இல்லாமல் விமானம் மிதந்து இறங்கும் வேகத்தை, பிடியுங்கள். அடுத்தது, இறங்கத் தோதான இடத்தின் பக்கம் திரும்புவது. கைகளுக்கு வேலை இதன் பிறகுதான்: இரண்டாவது பெட்ரோல் பம்ப், மற்ற டேங்க், மாற்றுக் கம்ப்யூட்டர், இக்னிஷன். எந்த வரிசை என்பதைவிட, எப்போதும் ஒரே வரிசை என்பது முக்கியம். புத்தகத்தைப் புரட்ட நேரம் இராது. விமானம் ஷெட்டில் நிற்கும்போது கண்ணைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். யாராவது "பம்ப்" என்றால் கை தடவாமல் பம்ப் ஸ்விட்சுக்குப் போக வேண்டும். என் நண்பர் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் பத்து நிமிடம் இதைச் செய்வார். அவர் மனைவி சிரிப்பார்.

உங்கள் கணக்குக்கு ஓர் அளவு. புரொப்பெல்லர் நின்ற நிலையில் 8-க்கு 1 சறுக்கும், அதாவது ஓர் அடி இறங்குவதற்குள் எட்டு அடி முன்னே போகும் என்று வைத்தால், 1,000 அடி உயரத்துக்கு 2.4 கிலோமீட்டர் கிடைக்கும். தரையிலிருந்து 3,000 அடி என்றால் மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் மிதக்கலாம். ஒரு டீ ஆறுகிற நேரம்கூட இல்லை.

ரோட்டரிக்கென்று இருக்கும் இரண்டு கண்ணிகளைச் சொல்லிவிடுகிறேன். முதலாவது, பெட்ரோல் மூழ்கல். பொறி இல்லாமல் பெட்ரோல் மட்டும் பாய்ந்துகொண்டே இருந்தால், சீல்களின் மேல் இருக்கும் எண்ணெய்ப் படலம் கழுவிப் போய்விடும், அழுத்தம் நிற்காது, எவ்வளவு சுற்றினாலும் பிடிக்காது. நடுவானில் பதறி எல்லா ஸ்விட்சையும் மாற்றி மாற்றித் தட்டினால் இதுதான் நடக்கும். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை மட்டும் நிறுத்தும் தனி ஸ்விட்ச் உங்களிடம் இருக்க வேண்டும். அதை அணைத்து, த்ராட்டிலை முழுக்கத் திறந்து, ஸ்டார்ட்டரைச் சில விநாடி சுற்றவிட்டு, பிறகு இன்ஜெக்டரைப் போடுங்கள். கியர்பாக்ஸ் இருப்பதால் காற்றே புரொப்பெல்லரைச் சுற்றிக் கிளப்பிவிடும் என்று நம்பியிருக்க முடியாது. ஸ்டார்ட்டர் வேண்டும், ஸ்டார்ட்டருக்குப் பேட்டரி வேண்டும்.

இரண்டாவது கண்ணி அந்தப் பேட்டரிதான். பழைய விமான என்ஜின்களில், பேட்டரி இல்லாமல் தானே பொறி தரும் மேக்னெட்டோ இருக்கும். மாஸ்டர் ஸ்விட்சை அணைத்தாலும் என்ஜின் தன் பாட்டுக்கு ஓடும். அதனால் பயிற்சிப் பள்ளியில் "காக்பிட்டில் வயர் எரியும் வாசனை வந்தால் மாஸ்டரை அணை" என்று மண்டையில் ஏற்றிவிடுகிறார்கள். உங்கள் விமானத்தில் கம்ப்யூட்டருக்கும் பம்புக்கும் மின்சாரம் மாஸ்டர் வழியாகவே போகிறதென்றால், அந்தப் பாடத்தை நினைவு பிசகாமல் செய்த நொடியில் நீங்களே என்ஜினைக் கொன்றிருப்பீர்கள். என்ஜினுக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து தனிப் பாதையில், தனி ஸ்விட்சோடு வர வேண்டும். பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டர் போய்விட்டாலும் இதே கவலை. பம்ப், இன்ஜெக்டர், இக்னிஷன் எல்லாம் சேர்ந்து 12 ஆம்பியர் தின்னும் என்று வைப்போம். 18 ஆம்பியர்-மணி பேட்டரி காகிதத்தில் ஒன்றரை மணி நேரம் வரும். நான் அரை மணி நேரம் என்றுதான் கணக்கு வைப்பேன். ஆல்டர்னேட்டர் விளக்கு எரிந்ததும் மற்ற மின்சாதனங்களை அணைத்துவிட்டு, அருகில் இருக்கும் ஓடுதளத்துக்குப் போக வேண்டும். ஊர் போய்ச் சேரலாம் என்ற ஆசை அப்போது வரக் கூடாது.

இனி என் கதை. நண்பரின் விமானம், நான் வலது இருக்கையில். வெயில் 38 டிகிரி. 4,500 அடியில் போய்க்கொண்டிருந்தோம். ஏறும்போது கூலன்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவம், அதன் வெப்பம் 101 வரை போய்ப் பயமுறுத்தியிருந்தது. மட்டமாகப் பறக்கத் தொடங்கியதும் 94-க்கு வந்தது. கொஞ்ச நேரத்தில் 88. பிறகு 80. நண்பர் முகம் மலர்ந்தது. "பார்த்தாயா, நான் மாற்றி வைத்த காற்றுக் குழாய் வேலை செய்கிறது" என்றார். எனக்கும் சந்தோஷம்தான். அப்போது காலடியில் ஒரு வாசனை. இனிப்பான வாசனை, வெல்லப் பாகு காய்ச்சும் கொட்டகைக்குள் நுழைந்த மாதிரி, ஆனால் கூடவே ஒரு ரப்பர் நெடி. முள் 71 காட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து டயலில் எண்ணெய் வெப்பம் மட்டும் 98, 102, 106 என்று ஏறிக்கொண்டிருந்தது.

கூலன்ட் முழுக்க வெளியே போய்விட்டது. வெப்பம் அளக்கும் சென்சார் திரவத்தில் நனையாமல் வெறும் காற்றில் நின்றதால் எண் இறங்கியிருக்கிறது. நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

ஏற்காடு மலைப்பாதையில் பழைய பஸ்கள் இருபது கொண்டை ஊசி வளைவையும் முக்கி முனகி ஏறி, ஓரம் கட்டி, மூடியைத் திறந்து ஆவி விட்டுக்கொண்டு நிற்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். வானத்தில் ஓரம் கட்ட இடமில்லை. ஆனால் ரோட்டரி பக்தர்கள் சொல்லும் பாதி உண்மை அன்று எங்களுக்குக் கைகொடுத்தது. ரோட்டர் இரும்பு, அதைச் சுற்றி இருக்கும் உறை அலுமினியம். சூடு ஏற ஏற, உறை ரோட்டரைவிட அதிகமாக விரிகிறது. அதனால் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிக்கொள்வது போல இது சட்டென்று இறுகிக்கொள்ளாது. மேலும் ரோட்டரின் உட்புறத்தைக் குளிர்விப்பது எண்ணெய்தான். என்ஜின் சூட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அதுவே சுமந்துகொண்டு போகிறது. த்ராட்டிலைப் பாதிக்கும் கீழே இறக்கினோம். இருந்த உயரத்தைச் சறுக்கலுக்காகச் சேமித்துக்கொண்டு, என்ஜின் தருவதை இனாமாக வைத்துக்கொண்டோம். ஒன்பது நிமிடத்தில் ஓடுதளம். சக்கரம் தரையில் பட்டு நின்ற பிறகும் என்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அணைத்த பிறகு, மறுபடி கிளம்பவில்லை. பிரித்தபோது கூலன்ட் சீல்கள் கருகிப் பொடிப்பொடியாக வந்தன.

காரணம்? ரேடியேட்டருக்குப் போகும் அலுமினியக் குழாயின் முனையில் ஒரு மேடு இருக்க வேண்டும், ரப்பர் ஹோஸ் நழுவாமல் பிடித்துக்கொள்ள. வழவழவென்று வெட்டிய குழாயில் ஹோஸை ஏற்றிக் கிளாம்பை மட்டும் முறுக்கியிருந்தார் நண்பர். அந்த வேலையைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான். அதற்குப் பிறகு எந்த ரோட்டரி விமானத்திலும் வெப்ப டயலோடு கூலன்ட் அழுத்த விளக்கு ஒன்றும் இல்லாமல் நான் ஏறியதில்லை. அழுத்தம் விழுந்தால் உடனே எரியும். வெப்ப முள்ளைப் போலப் பொய் சொல்லாது.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. கூலன்ட் 104 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொண்டால், வெளியே 15 டிகிரி இருக்கும் நாளில் ரேடியேட்டருக்கு 89 டிகிரி வித்தியாசம் கிடைக்கிறது. நம் சேலத்துச் சித்திரை போல 40 டிகிரி என்றால் 64 தான். அதே ரேடியேட்டர், கால் பங்குக்கு மேல் திறன் போய்விட்டது. குளிர்காலத்தில் சோதித்துவிட்டு, எல்லாம் சரி என்று எழுதிவைத்த விமானங்கள் கோடையில்தான் குட்டு உடைபடுகின்றன.

இறங்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதை ஊரிலிருந்தே பழகலாம். விடுமுறை முடிவதற்குள் ஒரு காலை ஏற்காடு வந்து லேடீஸ் சீட்டில் உட்காருங்கள். சேலம் முழுக்கக் காலடியில் விரிந்து கிடக்கும். பனி இல்லாத நாளில் மேட்டூர் அணைத் தண்ணீர்கூட மின்னும். இப்போது என்ஜின் நின்றுவிட்டது என்று வைத்துக்கொண்டு, முப்பது விநாடிக்குள் ஒரு வயலைக் காட்டுங்கள்.

முதலில் உங்கள் கண் தேசிய நெடுஞ்சாலைக்குப் போகும். எல்லோர் கண்ணும் அங்கேதான் போகிறது. நடுவில் தடுப்பு, குறுக்கே மேம்பாலம், வரிசையாக லாரி. மேட்டூர் மின் நிலையத்திலிருந்து புறப்படும் உயர் அழுத்தக் கம்பிகள் வேறு. மேலிருந்து பார்த்தால் கம்பி தெரியாது, கோபுரத்தைப் பார்த்துத்தான் கம்பியை ஊகிக்க வேண்டும். அடுத்து, வெள்ளைக்கல் சுரங்கத்தின் வெளுத்த பரப்பு சமதளம் போல ஏமாற்றும். அது படிப்படியாக வெட்டிய பள்ளம். தென்னந்தோப்பு பார்க்கப் பஞ்சு மெத்தை போல இருக்கும், கேட்க வேண்டியதே இல்லை. குச்சிக்கிழங்குக் காடு பசேலென்று இருக்கும். ஆள் உயரத்துக்கு விறைத்த தண்டு, முன் சக்கரத்தைப் பிடித்து விமானத்தைக் கவிழ்த்துவிடும். நீர் நிற்கும் நெல் வயலும் அப்படியே.

நான் தேடுவது அறுவடை முடிந்த கடலைக்காடு. செம்மண், தணிந்த வரப்பு. சால் ஓடும் திசையிலேயே இறங்க வேண்டும், சாலுக்குக் குறுக்கே அல்ல. ஆனால் நம் பக்கத்துக் காட்டில் ஒரு பூதம் இருக்கிறது: திறந்த கிணறு. கைப்பிடிச் சுவர்கூட இல்லாமல், நாற்பது அடி சதுரத்துக்குப் பாறையைக் குடைந்த கிணறு. 2,000 அடியில் அது ஒரு நிழல்; 500 அடியில்தான் கிணறு என்று தெரியும். அதனால் முதல் வயலோடு எப்போதும் பக்கத்தில் இரண்டாவது வயல் ஒன்றும் கணக்கில் இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் கிணறு இருக்காது. வேலிக் கம்பியும் கரையான் புற்றும் இருக்கும்.

அப்படியே பின்னால் திரும்பி மலையைப் பாருங்கள். காப்பிச் செடிக்கு நிழலாக நிற்கும் சில்வர் ஓக் மரங்கள், மேல்வரை மிளகுக் கொடி. இங்கே இறங்க ஒரு துண்டு இடமும் கிடையாது. தப்பிக்க ஒரே வழி மலையை விட்டுச் சமவெளிக்குச் சறுக்குவது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏற்காட்டுக்கு மேலிருந்து கமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையம் நேர்கோட்டில் ஏறத்தாழ 16 கிலோமீட்டர். சறுக்க 6,700 அடி, சுற்றிவந்து இறங்க 1,000 அடி, விமான நிலையமே கடல் மட்டத்துக்கு மேல் 1,000 அடி. ஆக 8,700 அடி இருந்தால்தான் போய்ச் சேரலாம். ஏற்காடு ஏரிக்கு மேல், கடல் மட்டத்திலிருந்து 7,000 அடியில் ஜாலியாக வட்டமடிப்பவர், ஓடுதளத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் முன்னாலேயே தரையைத் தொடுவார். மேல்காற்றுக் காலத்தில் மேற்கு நோக்கிச் சறுக்கினால் எதிர்காற்று வேறு; இன்னும் குறையும். நீங்கள் அங்கே பறக்கும் பகுதியிலும் ஒரு குன்று இருக்கும். அதற்கு இதே கணக்கைப் போட்டு, அந்த உயரத்தை டாஷ்போர்டில் ஒட்டிவையுங்கள்.

கிளம்பிய உடனே 400, 500 அடியில் நின்றால் ஓடுதளத்துக்குத் திரும்பாதீர்கள். நேரே, அல்லது இரு பக்கமும் கொஞ்சம் சாய்ந்து, எது கிடைக்கிறதோ அதில் இறங்குங்கள். திரும்புவது 180 டிகிரி என்று தோன்றும். ஓடுதளக் கோட்டுக்கு மறுபடி வந்து சேர அதற்கும் மேலே திருப்ப வேண்டும், வேகம் போய்ச் சுழன்று விழுபவர்கள் அங்கேதான் விழுகிறார்கள். உங்கள் விமானம் அந்தத் திருப்பத்தில் எத்தனை அடி இழக்கிறது என்பதைப் பாதுகாப்பான உயரத்தில் அளந்து, அதோடு பாதியைக் கூட்டி, அதற்குக் கீழே திரும்ப மாட்டேன் என்று கிளம்பும் முன்பே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இனி உங்கள் கோளாறு. 13பி-யில் ரோட்டர் இரண்டு. ஒரு ரோட்டர் மட்டும் சண்டி செய்திருந்தால் என்ஜின் உலுக்கியிருக்கும், பாதிச் சக்தியாவது இருந்திருக்கும். உங்களுக்கு இரண்டும் ஒன்றாக அடங்கி, ஒன்றாக எழுந்திருக்கின்றன. அப்படியானால் கோளாறு இரண்டுக்கும் பொதுவான இடத்தில்: பெட்ரோல் வரத்து, அல்லது மின்சாரம். சீல், ரோட்டர் எல்லாம் பிரித்துப் பார்த்தேன் என்கிறீர்கள். தேவையே இல்லாத வேலை.

ஒன்றை நினைவுபடுத்திப் பாருங்கள். அந்த மூன்று விநாடியில் டாக்கோமீட்டர், அதாவது என்ஜின் சுற்று காட்டும் டயல், எப்படி விழுந்தது? உங்கள் டாக்கோமீட்டர் கம்ப்யூட்டரிலிருந்து வருகிறது. புரொப்பெல்லர் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கையிலேயே முள் ஒரே தாவலில் பூஜ்யத்துக்குப் போயிருந்தால், தண்டின் சுழற்சியை அறியும் சென்சாரோ, கம்ப்யூட்டரின் மின்சாரமோ அறுந்து ஒட்டியிருக்கிறது. என்ஜினோடு சேர்ந்து முள்ளும் மெல்ல இறங்கியிருந்தால் பெட்ரோல்: டேங்கில் குழாய் வாய் காற்றை விழுங்கியிருக்கலாம், அல்லது என்ஜினிலிருந்து திரும்பி வரும் சூடான பெட்ரோல் சிறு டேங்கில் ஆவியாகியிருக்கலாம். அந்த நேரத்தில் விமானம் சாய்ந்திருந்ததா, டேங்கில் எவ்வளவு இருந்தது என்பதும் வேண்டும்.

என் பந்தயம் சென்சாரின் மேல். நீங்கள் அனுப்பிய படத்தில் அதன் வயர் எக்ஸாஸ்ட் குழாய்க்கு ஒரு சாண் தூரத்தில் போகிறது. இந்த என்ஜினின் எக்ஸாஸ்ட் 900 டிகிரிக்கு மேல் போகும். சூடு ஏறியதும் கிரிம்ப், அதாவது வயர் முனையை நசுக்கி இணைத்த இடம், தளர்ந்து, ஆறியதும் மறுபடி ஒட்டிக்கொண்டால், ஷெட்டில் நீங்கள் எத்தனை முறை அளந்தாலும் சரியாகத்தான் காட்டும். ஆஸ்திரேலியா திரும்பியதும் விமானத்தைக் கட்டிப்போட்டு, அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கி அணையுங்கள். ஆறுவதற்குள் மீட்டரை வைத்து, அந்த இணைப்பியில் வயரை ஒவ்வொன்றாக ஆட்டி அளந்து, எண்களை எழுதி அனுப்புங்கள்.